செல் மாதிரி செய்து பாடம் நடத்துவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செல் பாடம் தொடங்கும் சமயம் ஒவ்வொரு வருடமும் சக ஆசிரியர்கள், பெற்றோர், சில சமயம் பிள்ளைகளே வந்து கேட்கும் சந்தேகங்கள் இவை. ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி வாய் வலித்ததால் எழுதி வைத்துவிட்டேன். ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை மனதில் வைத்து எழுதியது. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

படம் வரைஞ்சு பாகம் குறிச்சா போதாதா? மாதிரி வேற எதுக்கு?

பரீட்சைக்குப் போதும். ஆனால் புத்தகத்தில் இருப்பது செல்லின் படம் இல்லை, செல்லை நடுவே வெட்டினால் தெரியும் முகத்தின் படம். இதைப் பிள்ளைகளிடம் யாரும் தனியாகச் சொல்வதில்லை. ஒருமுறை ஏழாம் வகுப்பில் ஆளுக்கு ஓர் உருண்டை களிமண் கொடுத்து, வேறு எதுவும் சொல்லாமல், ஒரு விலங்கு செல் செய்யுங்கள் என்றேன். பாதிப் பேருக்கு மேல் களிமண்ணைத் தட்டையாகத் தட்டி, அதன் மேல் உட்கருவையும் மற்றதையும் பொட்டு வைத்தாற்போல் ஒட்டிக் கொண்டுவந்தார்கள். ஒன்றைத் திருப்பிப் பிடித்து, "பின்பக்கம் என்ன இருக்கு?" என்று கேட்டேன். "செல்லுக்கு ஏது டீச்சர் பின்பக்கம்?" என்றாள் ஒரு பெண்.

அவள் நன்றாகப் படிப்பவள், படத்தில் பத்துக்குப் பத்து வாங்குபவள். களிமண் கையில் இல்லாமல் இருந்திருந்தால் அவள் மனதில் செல் ஒரு தட்டை என்பது எனக்குக் கடைசி வரை தெரிந்தே இருக்காது. மாதிரியின் முதல் பயன் இதுதான், தலைக்குள் இருக்கும் படத்தை அது வெளியே கொண்டுவந்துவிடுகிறது. காட்சிக்கு வைப்பதெல்லாம் அப்புறம்.

எந்தெந்தப் பாகம் கட்டாயம் இருக்கணும்?

ஆறாம் வகுப்புக்கு மூன்று போதும்: செல் சவ்வு, சைட்டோபிளாசம், உட்கரு. தாவர செல் என்றால் செல் சுவர், பசுங்கணிகம், பெரிய நுண்குமிழி ஆகிய மூன்றையும் சேர்த்துக்கொள்ளலாம். ஏழு, எட்டில் மைட்டோகாண்ட்ரியா, ரைபோசோம், எண்டோபிளாச வலைப்பின்னல், கோல்கை உறுப்பு, லைசோசோம் வரும்.

என் கணக்கு என்னவென்றால், ஒரு பாகத்தின் வேலையை அந்தப் பிள்ளை ஒரு வாக்கியத்தில் சொல்ல முடியாவிட்டால் அந்தப் பாகம் மாதிரியில் இருக்க வேண்டாம். பதினான்கு கொடி குத்திய மாதிரியைவிட ஆறு பாகத்தோடு வரும் மாதிரியில்தான் பேச விஷயம் இருக்கும்.

தமிழ்ப் பெயர் எழுதச் சொல்லலாமா, இல்ல மைட்டோகாண்ட்ரியானே விட்டுடலாமா?

உங்கள் பாடநூல் எதைச் சொல்கிறதோ அதை எழுதுங்கள், மற்றதை வாயால் சொல்லுங்கள். செல் என்பதைக் கலம் என்றும், மைட்டோகாண்ட்ரியாவை இழைமணி என்றும், பசுங்கணிகத்தைப் பச்சையவுருமணி என்றும் எழுதும் பாடநூல்கள் உண்டு. இழைமணி என்ற சொல் எனக்குப் பிடிக்கும், அந்த கிரேக்கச் சொல்லின் பொருளே இழையும் மணியும்தான். நுண்குமிழியைப் புன்வெற்றிடம் என்றும் சொல்வார்கள், ஆனால் அது வெற்றிடம் இல்லை, உள்ளே நீரும் உப்பும் சர்க்கரையும் நிறமிகளும் இருக்கும். பெயரைக் கேட்டு உள்ளே காலி என்று பிள்ளைகள் நினைத்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன், அதனால் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது.

என்ன பொருள்ல செய்யறது நல்லது? எல்லாரும் தெர்மாகோல் பந்துதான் வாங்கறாங்க.

தெர்மாகோல் பந்தைப் பாதியாக வெட்டி வர்ணம் அடிப்பது எளிது, பார்க்கவும் நன்றாக இருக்கும், அவ்வளவுதான். அதில் உட்கரு ஆடாது, எதுவும் நகராது, உள்ளே முழுக்கக் கெட்டி. உயிருள்ள செல்லின் உட்புறம் பிசுபிசுவென்று, நெருக்கமாக, ஓயாமல் அசைந்துகொண்டிருக்கும் இடம். இன்னொன்று, ஸ்ப்ரே பெயின்ட் அடிக்க வேண்டாம். கண்காட்சிக்கு முதல் நாள் மாலை நான் அடித்தேன். என் கண் முன்னாலேயே பந்து புசுபுசுவென்று கரைந்து நடுவில் குழி விழுந்தது. அந்த பெயின்ட்டில் இருக்கும் கரைப்பான் தெர்மாகோலைத் தின்றுவிடும். நீரில் கரையும் வர்ணமும் வெள்ளைப் பசையும்தான் அதற்குச் சரி.

ஒரு பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது "இது பார்க்க அப்படி இருக்கா?" என்று கேட்காமல் "இது அந்த வேலையைச் செய்யுதா?" என்று கேட்கச் சொல்லுங்கள். சவ்வுக்கு மெல்லிய பிளாஸ்டிக் பை, சுவருக்கு அட்டைப் பெட்டி, நுண்குமிழிக்கு நீர் நிரப்பிய பலூன், டி.என்.ஏ.வுக்கு (உட்கருவில் மரபுக் குறிப்புகளைத் தாங்கும் நீண்ட இழை) நூல், ரைபோசோமுக்கு மணி. களிமண் எல்லாவற்றுக்கும் பொது. ஜெலட்டினில் சைட்டோபிளாசம் செய்தால் முதல் நாள் அற்புதமாக இருக்கும், மூன்றாம் நாள் பூஞ்சை பிடிக்கும். அதையும் ஒரு பாடமாக நடத்த மனம் இருந்தால் செய்யுங்கள்.

உட்கருவுக்கு என்ன கலர்?

இது வருடா வருடம் வரும். பதில்: பசுங்கணிகம் பச்சை, மற்றவற்றுக்குப் பெரும்பாலும் நிறமே கிடையாது. நுண்ணோக்கியில் நீலமாகவோ பழுப்பாகவோ தெரிவது நாம் ஊற்றிய சாயத்தின் நிறம். புத்தகத்தில் இருப்பது ஓவியர் தேர்ந்தெடுத்த நிறம். அதனால் எந்த நிறமும் அடிக்கலாம், ஆனால் தாவர செல்லிலும் விலங்கு செல்லிலும் ஒரே பாகத்துக்கு ஒரே நிறம் இருக்கட்டும், ஓரத்தில் "நிறங்கள் அடையாளத்துக்காக மட்டும்" என்று பிள்ளையே எழுதட்டும்.

அளவெல்லாம் சரியா வரணுமா? உட்கரு எவ்வளவு பெருசு இருக்கணும்?

மேசை மேல் வைக்கும் மாதிரியில் எல்லாவற்றையும் சரியான அளவில் கொண்டுவர முடியாது, ஆனால் எங்கே தவறுகிறது என்று கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்ல வேலை. ஒரு விலங்கு செல்லின் குறுக்களவு 20 மைக்ரோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு. அதை 20 சென்டிமீட்டர் பந்தாகச் செய்தால் 10,000 மடங்கு பெரிதாக்கியிருக்கிறோம். உட்கரு சுமார் 6 சென்டிமீட்டர் வரும், மைட்டோகாண்ட்ரியா 1 சென்டிமீட்டர் தடிமனில் 2 சென்டிமீட்டர் நீளம் வரும், இதுவரை சரி. ரைபோசோம் கால் மில்லிமீட்டர், பேனா முனையால் வைத்த புள்ளி. சவ்வு 0.1 மில்லிமீட்டர்கூட வராது, ஒரு தாளின் தடிமன்தான். ஒரு சென்டிமீட்டர் தெர்மாகோலை விளிம்பாக விட்டுவிட்டு இதுதான் சவ்வு என்று சொல்பவர்கள் அதை நூறு மடங்குக்கு மேல் தடிமனாக்கிவிட்டார்கள்.

இன்னும் நன்றாக இருப்பது வகுப்பறையையே செல்லாக்குவது. அறை 10 மீட்டர் என்றால் 5 லட்சம் மடங்கு. தரையில் சாக்பீஸால் 3 மீட்டர் வட்டம் போட்டால் உட்கரு. மைட்டோகாண்ட்ரியா ஒவ்வொன்றும் அரை மீட்டர் தடிமன், ஒரு மீட்டர் நீளம், ஒரு பிள்ளை சுருண்டு படுத்தால் சரியாக இருக்கும். ரைபோசோம் ஒன்றேகால் சென்டிமீட்டர் மணி. சுவர் முழுக்கப் போர்த்தும் சவ்வின் தடிமன் வெறும் 4 மில்லிமீட்டர். கடைசியில் டி.என்.ஏ. என்று ஒரு மில்லிமீட்டர் தடிமன் நூலைக் காட்டி, இது எவ்வளவு நீளம் இருக்கும் என்று கேளுங்கள். மனித செல் ஒன்றில் இருக்கும் டி.என்.ஏ.வை நீட்டினால் சுமார் 2 மீட்டர், நம் கணக்கில் அது 1000 கிலோமீட்டர். 46 துண்டுகளாக அந்த 3 மீட்டர் உட்கருவுக்குள் சுருண்டு கிடக்க வேண்டும். ஒரு பையன் சாக்பீஸ் வட்டத்தையும் நூலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு "சிக்கு விழாதா?" என்று கேட்டான். குரோமோசோம் பாடத்துக்கு அதைவிட நல்ல தொடக்கம் எனக்குக் கிடைத்ததில்லை. புரதங்களின் மேல் சுற்றி, மடித்து, ஒழுங்காக அடுக்கித்தான் அந்தச் சிக்கலைச் செல் சமாளிக்கிறது.

வீட்டுல செஞ்சுட்டு வரச் சொல்லலாமா?

சொல்லலாம், அம்மாவும் அப்பாவும் அழகாகச் செய்வார்கள்.

வகுப்பிலேயே மூன்று அல்லது நான்கு பேர் குழுவாகச் செய்ய வையுங்கள், மூன்று பாட வேளை பிடிக்கும். முதல் வேளையில் பொருள் தேர்வும் அதற்குக் காரணமும், இரண்டாவதில் செய்வது, மூன்றாவதில் அடுத்த குழுவின் மாதிரியைக் கேள்வி கேட்பது. மூன்றாவது வேளையை நேரமில்லை என்று வெட்டிவிடுவார்கள். வெட்டத்தான் வேண்டும் என்றால் இரண்டாவதை வெட்டுங்கள், போன வருட மாதிரியை வைத்துக்கொண்டே கேள்வி கேட்கலாம்.

செல்லை ஒரு பள்ளிக்கூடத்தோட, ஊரோட ஒப்பிட்டுச் சொல்றது சரிதானே? உட்கருதான் தலைமை ஆசிரியர்.

தொடங்குவதற்குச் சரி. ஆனால் தலைமை ஆசிரியர் முடிவெடுப்பார், உட்கரு முடிவெடுப்பதில்லை. அதில் குறிப்புகள் இருக்கின்றன, எந்தக் குறிப்பை எப்போது எடுத்துப் படிப்பது என்பது செல்லின் உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் வரும் சமிக்ஞைகளைப் பொறுத்தது. வெளியே எடுத்துப் போகக் கூடாத புத்தகங்கள் உள்ள நூலகம் என்றால் கொஞ்சம் நெருங்கி வரும். "உட்கரு செல்லின் மூளை" என்பதை மட்டும் தயவுசெய்து சொல்ல வேண்டாம். மூளையே கோடிக்கணக்கான செல்களால் ஆனது, அந்தச் செல் ஒவ்வொன்றுக்கும் ஓர் உட்கரு உண்டு. பிள்ளை இதை யோசித்துக் கேட்டால் நாம்தான் மாட்டிக்கொள்வோம்.

நான் செய்வது: ஒப்பீடு எதுவானாலும் பொருந்தும் இடம் இரண்டு, பொருந்தாத இடம் ஒன்று எழுதித் தர வேண்டும். "பொய் எங்கே?" என்று அதற்கு வகுப்பில் பெயரே வைத்துவிட்டார்கள். களிமண்ணோ ஒப்பீடோ நாடகமோ, எல்லா மாதிரியும் எங்கோ ஓரிடத்தில் பொய் சொல்லும். அந்த இடத்தைக் கண்டுபிடிக்கும் பிள்ளைக்குச் செல் புரிந்துவிட்டது என்று அர்த்தம்.

சவ்வு "தேர்ந்து அனுமதிக்கும்"னு சொல்றோம், அதை எப்படிக் காட்டறது?

இரண்டு வழி. ஒன்று, மெல்லிய பிளாஸ்டிக் பையில் மாவுச்சத்துக் கரைசலை ஊற்றி இறுக்கக் கட்டி, வெளிப்புறத்தை நன்றாகக் கழுவி, அயோடின் கலந்த நீரில் வைப்பது. கொஞ்ச நேரம் போனால் பைக்குள் கருநீலம் படரும், வெளியே இருக்கும் நீர் பழுப்பு மஞ்சளாகவே இருக்கும். அயோடின் உள்ளே போயிருக்கிறது, மாவுச்சத்து வெளியே வரவில்லை. எது பெரிய மூலக்கூறு என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். பாடவேளையின் தொடக்கத்திலேயே வைத்துவிடுங்கள், கடைசி ஐந்து நிமிடத்தில் வைத்துவிட்டு முகத்தைத் தொங்கப் போட வேண்டாம். அயோடின் கையிலும் சட்டையிலும் கறை விடும், எச்சரித்துவிடுங்கள். பொய் எங்கே? பை அளவை மட்டும் பார்த்து விடுகிறது. உண்மையான சவ்வில் புரதங்களால் ஆன வாசல்கள் உண்டு, சிலவற்றைச் செலவு செய்து, ஆற்றல் கொடுத்து உள்ளே இழுக்கும்.

இரண்டாவது சோப்புப் படலம். இரண்டு உறிஞ்சுகுழலையும் நூலையும் கோத்து ஒரு சட்டம் செய்து சோப்பு நீரில் முக்கி எடுங்கள். சோப்பு நீரில் நனைத்த விரலை அதற்குள் மெதுவாக விட்டு எடுத்தால் படலம் உடையாது, விரல் வந்த பிறகு தானாக மூடிக்கொள்ளும். உலர்ந்த விரலை விட்டால் டப்பென்று போய்விடும். பிறகு சிறு நூல் வளையம் ஒன்றை நனைத்துப் படலத்தின் மேல் மிதக்க விட்டு, வளையத்தின் உள்ளே மட்டும் உலர்ந்த பென்சில் முனையால் குத்தினால், நூல் பட்டென்று வட்டமாக விரிந்து ஒரு துளை நிற்கும், அதைச் சுற்றிப் படலம் அப்படியே இருக்கும். அதுதான் புரத வாசல். சவ்வு ஒரு திரவம் போல நகரும், அதில் புரதங்கள் மிதக்கும் என்ற கருத்தை சிங்கரும் நிக்கல்சனும் 1972இல் வெளியிட்டார்கள். கெட்டியான வேலி என்று நினைத்திருந்த பிள்ளைக்கு இந்த ஒரு நூல் வளையம் போதும். இங்கேயும் ஒரு பொய் உண்டு: சோப்புப் படலத்தில் நீர் விரும்பும் தலைகள் உள்நோக்கி இருக்கும், செல் சவ்வில் வெளிநோக்கி. எட்டாம் வகுப்பில் யாராவது கேட்டால் மட்டும் சொல்லுங்கள்.

தாவர செல்லுக்குத்தான் சுவர் இருக்கே, அதுக்கு எதுக்கு சவ்வு?

பல பிள்ளைகள் விலங்குக்குச் சவ்வு, தாவரத்துக்குச் சுவர் என்று இரண்டாகப் பிரித்துவிடுகிறார்கள். தாவர செல்லில் இரண்டும் உண்டு, சுவர் வெளியே, சவ்வு அதை ஒட்டி உள்ளே. சுவர் தாங்கும், ஆனால் தேர்ந்தெடுக்காது, நீரும் கரைந்த பொருள்களும் அதன் வழியாகத் தாராளமாகப் போய்வரும். காவல் வேலை சவ்வுக்குத்தான்.

மெல்லிய அட்டைப் பெட்டிக்குள் பிளாஸ்டிக் பையை விரித்து, அதற்குள் நீர் நிரப்பிய பலூனை வைத்து அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். பெட்டி விறைப்பாக நிற்கும். பலூனில் பாதி நீரை வெளியேற்றிவிட்டு அழுத்தினால் அட்டை உள்ளே போகும். வாடிய இலை இதுதான். முதிர்ந்த தாவர செல்லில் நுண்குமிழி மட்டுமே 90 சதவீதம் வரை இடத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பதால் பலூனைப் பெரிதாகவே வையுங்கள். அப்போது உட்கரு நடுவில் இருக்க இடம் இல்லாமல் ஓரமாக ஒதுங்கும். "நடுவுலதானே இருக்கணும்?" என்று கேட்பார்கள். இல்லை.

செடிக்குப் பசுங்கணிகம் இருக்கு, அப்போ மைட்டோகாண்ட்ரியா வைக்க வேண்டாம்தானே?

வைக்க வேண்டும். பசுங்கணிகம் ஒளியைக் கொண்டு சர்க்கரை செய்கிறது, அந்தச் சர்க்கரையிலிருந்து செல் பயன்படுத்தும் வடிவில் ஆற்றலை எடுப்பது மைட்டோகாண்ட்ரியா. செடி இரவும் பகலும் சுவாசிக்கிறது. வேரில் பசுங்கணிகமே கிடையாது, மைட்டோகாண்ட்ரியா உண்டு. ஏழு, எட்டில் தாவர மாதிரியில் இது இல்லாமல் வந்தால் நான் திருப்பி அனுப்பிவிடுவேன், மற்ற தவறுகளுக்கு அப்படிச் செய்வதில்லை.

மைட்டோகாண்ட்ரியாவுக்குள்ள அந்த மடிப்பு எதுக்கு? சும்மா கோடு போட்டுட்டுப் போறாங்க.

நெருப்புப்பெட்டி அளவில் ஓர் அட்டைப் பெட்டி எடுங்கள். உள்சுவரை ஒட்டி ஒரு சுற்று மட்டும் வருமாறு ஒரு தாள் பட்டையை வெட்டிப் பொருத்துங்கள். அப்புறம் ஒரு மீட்டர் நீளப் பட்டையை விசிறி மடிப்பாக மடித்து அதே பெட்டிக்குள் திணியுங்கள், அதுவும் போய்விடும். இரண்டையும் வெளியே எடுத்துப் பக்கத்தில் நீட்டி வைத்தால் யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆற்றலை எடுக்கும் வேலையின் முக்கியப் பகுதி அந்த உட்சவ்வின் மேல் நடக்கிறது, பரப்பு கூடினால் வேலை கூடும்.

"ஆற்றலை உற்பத்தி செய்கிறது" என்று எழுதுவதை மட்டும் திருத்திவிடுவேன். ஆற்றல் சர்க்கரையில் ஏற்கெனவே இருக்கிறது. ஆக்சிஜனைக் கொண்டு அதை விடுவித்து ஏ.டி.பி. என்ற மூலக்கூறில் சேர்த்து வைக்கிறது, அவ்வளவே.

எல்லாப் பாகமும் தனித்தனியா ஒட்டி வெச்ச மாதிரியே இருக்கு. சேர்ந்து வேலை செய்யறதை எப்படிக் காட்டறது?

களிமண்ணில் காட்ட முடியாது, ஆட்களை வைத்துத்தான் காட்ட வேண்டும். நான் செய்வது இது. மேலே சொன்ன சாக்பீஸ் வட்டம்தான் உட்கரு. அதற்குள் ஒரு மாணவி ஒரு நோட்டோடு உட்காருவாள், நோட்டில் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு நிற வரிசை: சிவப்பு, நீலம், நீலம், மஞ்சள், இப்படி. நோட்டுதான் டி.என்.ஏ., அது வெளியே போகக் கூடாது. இன்னொருவன் ஒரு வரியை மட்டும் துண்டுத் தாளில் நகலெடுத்து வட்டத்தின் வாசல் வழியே வெளியே கொண்டுவருவான். ரைபோசோம் மேசையில் இருப்பவர்கள் தாளைப் படித்து அதே வரிசையில் மணிகளைக் கோப்பார்கள். கோத்த மாலை வலைப்பின்னல் மேசையில் மடிக்கப்படும், கோல்கை மேசையில் உறைக்குள் போட்டு முகவரி எழுதப்படும், ஒருவன் அதை அறையின் கதவு வரை கொண்டுபோய் வெளியே கொடுப்பான். கோத்த மாலைதான் புரதம்.

முக்கியமான விதி: ஒவ்வொரு மேசையும் ஒரு வேலை செய்ய மைட்டோகாண்ட்ரியா மாணவனிடமிருந்து ஒரு சீட்டு வாங்க வேண்டும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போது அவன் காதில் மட்டும் "சீட்டு கொடுக்காதே" என்று சொல்லிவிடுவேன். அரை நிமிடத்தில் அறை முழுக்க நின்று போகும். "என்ன ஆச்சு?" என்று கத்துவார்கள். அந்தக் கத்தலுக்காகத்தான் இத்தனை ஏற்பாடும்.

ஒரு வருடம் துண்டுத் தாள் மேசைக்கடியில் விழுந்து தொலைந்துவிட்டது. பிள்ளைகளே "போய் இன்னொண்ணு எழுதிட்டு வா, நோட்டு அங்கேயேதானே இருக்கு" என்றார்கள். மூலத்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டு நகலை ஏன் அனுப்புகிறது என்று நான் சொல்லத் தயாரித்து வைத்திருந்த விளக்கம் வீணாயிற்று. இந்த நாடகத்தின் பொய்: நிஜத்தில் யாரும் நோக்கத்தோடு நடந்து போவதில்லை, மூலக்கூறுகள் இடித்துக்கொண்டு அலைகின்றன, அதோடு இந்த வேலை ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான இடங்களில் நடக்கிறது.

நுண்ணோக்கி முதல்லயா, மாதிரி முதல்லயா?

மாதிரி, நுண்ணோக்கி, மறுபடி மாதிரி. வெங்காயத்தின் உட்தோலை அயோடின் போட்டுப் பார்த்தால் சுவரும் உட்கருவும் தெரியும், பசுங்கணிகம் தெரியாது. "இது தாவர செல்தானே, பச்சை எங்கே?" என்ற கேள்வி வரும். வெங்காயம் மண்ணுக்குள் இருப்பது, ஒளி படாத இடத்தில் பசுங்கணிகம் எதற்கு? அடுத்து ஹைட்ரில்லா என்ற நீர்ச்செடியின் இலையை வைத்தால் பசுங்கணிகங்கள் விளிம்போரமாக வரிசையாக ஊர்ந்து போவதைப் பார்க்கலாம். அதைப் பார்த்த பிறகு தன் கெட்டித் தெர்மாகோல் செல்லை யாரும் பெருமையாகப் பார்ப்பதில்லை.

ராபர்ட் ஹூக் 1665இல் தக்கையில் பார்த்துச் செல் என்று பெயர் வைத்தது உயிரற்ற வெறும் சுவர்களைத்தான். ராபர்ட் பிரவுன் உட்கருவுக்குப் பெயர் வைத்தது 1831இல். இடையில் 160 வருடத்துக்கு மேல். அதனால் பிள்ளைக்கு முதல் நாளே எல்லாம் தெரியவில்லை என்று கவலைப்பட வேண்டாம்.

அறுபது பேர் இருக்காங்க, பொருள் வாங்க வழியில்ல. என்ன பண்றது?

தாள் போதும். ஒரே அளவில் ஐந்து தாள், ஒவ்வொன்றிலும் அதே செல்லை வெவ்வேறு உயரத்தில் வெட்டினால் தெரியும் முகம். முதல் தாளில் உட்கரு தெரியாது, இரண்டாவதில் சிறு வட்டம், மூன்றாவதில் பெரிய வட்டம், பிறகு மறுபடி சிறியது, கடைசியில் ஒன்றுமில்லை. அடுக்கிக் கட்டினால் முப்பரிமாணம். தட்டைச் செல் பிரச்சினைக்கு (முதல் கேள்வி) இதைவிட மலிவான மருந்து தெரியவில்லை. நாடகத்துக்கும் பெரிதாக எதுவும் வேண்டாம், ஆள்தான் வேண்டும், உங்களிடம் அறுபது பேர் இருக்கிறார்கள்.

பார்வையில்லாத ஒரு பையன் வகுப்புல இருக்கான், அவனுக்குத் தனியா செய்யணுமா?

தனியாக வேண்டாம், எல்லா மாதிரியையும் தொட்டுத் தெரியும்படி செய்யச் சொல்லுங்கள். நிறத்துக்குப் பதில் தொடு உணர்வு: சுவருக்கு உப்புத்தாள், நுண்குமிழிக்குப் பலூன், உட்கருவுக்குக் கம்பளி நூல் உருண்டை. அறை அளவுச் செல்லில் சாக்பீஸ் கோட்டுக்குப் பதில் கயிறு போட்டுவிட்டால் அவனும் காலால் உணர்ந்து நடப்பான். கண்ணை மூடிக்கொண்டு மற்றவர்களையும் தொட்டுச் சொல்லச் சொன்னேன், அவன்தான் முதலில் முடித்தான்.

மார்க் எப்படிப் போடறது? அழகா செஞ்சவங்களுக்குத்தான் போய்ச் சேருது.

20 மதிப்பெண்ணில் செய்ததற்கு 5, பாகங்கள் சரியாக இருப்பதற்கு 5, கேள்விக்குப் பதில் சொல்வதற்கு 10 என்று வைத்துவிடுங்கள், அழகுப் பிரச்சினை தீர்ந்துவிடும். நான் கேட்கும் கேள்விகளில் சில: "ரைபோசோம் எல்லாத்தையும் எடுத்துட்டேன், என்ன நிக்கும்?", "இந்தச் செல் கணையத்துல இருந்து நிறைய நொதி வெளியே அனுப்பணும், எந்தப் பாகத்தைக் கூட்டுவே?", "உன் மாதிரில பொய் எங்கே?" கடைசிக் கேள்விக்கு "பொய்யே இல்ல" என்று சொல்பவருக்கு அதில் பூஜ்யம்.

போன்லயே முப்பரிமாணமா சுத்திச் சுத்திக் காட்டுது, அது போதாதா?

பார்ப்பதற்கு நல்லது, காட்டுங்கள். ஆனால் அது வேறொருவர் தலைக்குள் இருக்கும் செல். முதல் பதிலில் வந்த பெண் அதைப் பார்த்திருந்தால் தலையாட்டியிருப்பாள்.

எல்லா செல்லும் இப்படி உருண்டையா, நடுவுல ஒரு உட்கருவோடதான் இருக்குமா?

புத்தகத்தில் இருக்கும் "பொதுவான விலங்கு செல்" உண்மையில் எங்கேயும் இல்லை. நம் முதிர்ந்த சிவப்பணு 7, 8 மைக்ரோமீட்டர் அகலத்தில் நடுவே குழிந்த வட்டு, உட்கருவும் இல்லை, மைட்டோகாண்ட்ரியாவும் இல்லை. நரம்பு செல் ஒன்றின் இழை ஒரு மீட்டருக்கும் நீளலாம். எலும்புத்தசை இழையில் ஒரே செல்லுக்குள் பல உட்கருக்கள். முதல் சுற்று முடிந்ததும் குழுவுக்கு ஒரு செல்லாகப் பிரித்துக் கொடுத்து, வடிவத்துக்கும் வேலைக்கும் என்ன தொடர்பு என்று கேளுங்கள். இரண்டாம் வருடம் அதே பாடத்தை எடுப்பவர்களுக்கும் இதுவே புதிதாக இருக்கும்.

லைசோசோம் "தற்கொலைப் பை"ங்கறாங்க. செல் ஏன் தன்னைத்தானே கொல்லற பையை வெச்சுக்கணும்?

பெயர்தான் பிள்ளைகளைப் பிடித்துக்கொள்கிறது, அன்றாட வேலை அதுவல்ல. கிறிஸ்டியன் டி டூவே 1955இல் பெயரிட்ட இந்தப் பையின் வழக்கமான வேலை பழுதான பாகங்களையும் வெளியிலிருந்து வந்தவற்றையும் சிதைத்துத் திரும்பப் பயன்படுத்தக் கொடுப்பது. உள்ளிருக்கும் நொதிகளுக்கு அமிலச் சூழல் வேண்டும், பைக்குள் அமிலத்தன்மை எண் (pH, குறைந்தால் அமிலம் கூடுதல்) சுமார் 5, வெளியே சுமார் 7. ஒரு பை உடைந்தால் அந்த நொதிகள் வெளியே சரியாக வேலை செய்யாது. நிறைய உடைந்தால்தான் ஆபத்து. மாதிரியில் பழைய மணிமாலையை அறுத்து மணிகளைத் திரும்ப ரைபோசோம் மேசைக்கு அனுப்பும் ஒருவரைச் சேர்த்துவிடுங்கள், பெயர் ஏற்படுத்திய பயம் போய்விடும்.

கோழிமுட்டை ஒரே செல்லாமே? அதையே மாதிரியா வெச்சுடலாமா?

கருவுறாத முட்டையின் மஞ்சள் கரு மட்டும் ஒரு செல். வெள்ளைக் கருவும் ஓடும் செல்லின் பாகங்கள் இல்லை. மஞ்சள் உட்கரு, வெள்ளை சைட்டோபிளாசம், ஓடு சவ்வு என்று சொல்லிக்கொடுப்பவர்கள் உண்டு, மூன்றுமே தப்பு. கருவுற்ற முட்டை என்றால் இடும் நேரத்திலேயே உள்ளே ஆயிரக்கணக்கான செல்கள் இருக்கும்.

மைட்டோகாண்ட்ரியாவுக்குத் தனியா டி.என்.ஏ. இருக்காமே, அதையும் மாதிரில காட்டணுமா?

எட்டாம் வகுப்பில் ஒருவன் கேட்டே தீருவான். இருக்கிறது, வளைய வடிவில். பசுங்கணிகத்திலும் இருக்கிறது. இரண்டுக்கும் இரட்டைச் சவ்வு, தனி ரைபோசோம், அந்த ரைபோசோமும் பாக்டீரியாவுடையதை ஒத்தது. வெகு காலத்துக்கு முன் தனியாக வாழ்ந்த பாக்டீரியாக்கள் இன்னொரு செல்லுக்குள் தங்கிவிட்டதன் வாரிசுகள் இவை என்பதை லின் மார்குலிஸ் 1967இல் வெளியான கட்டுரையில் வாதிட்டார், இன்று அது பாடநூல் விஷயம்.

கட்டாயம் இல்லை. கேட்டவனிடம் மட்டும் ஒரு சிறு நூல் வளையம் கொடுத்து அவன் குழுவின் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் வைக்கச் சொல்லுங்கள். கொடி குத்த வேண்டாம், பெயர் எழுத வேண்டாம். மூன்றாவது பாட வேளையில் அடுத்த குழு வந்து அதைச் சுட்டிக்காட்டி "இது என்ன?" என்று கேட்கும், அவனே சொல்லட்டும்.